மண்ணைப் பார்த்துத் திரும்பியது

1

இங்கே சூரியன் போய்விட்டது. இனி தை பிறந்த பிறகுதான் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெருவிளக்குகள் எரிகின்றன. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பனிக்குள் அந்த விளக்குகள் மட்டும் அசைந்து வருவதைப் பார்த்தால், எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு நொடி நின்றுவிடுவேன்.

நார்வேயின் வட முனையில் இருக்கும் இந்த ஊரில் நான் வந்து இறங்கியதும் இதே வாரத்தில்தான். அதனால் சூரியன் போகிற நாள் எனக்கு ஒரு வருஷ நாள். அன்றைக்கு மதுரை விளாங்குடியில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போடுவேன்.

"இப்ப அங்க இருட்டாடா?" என்பார்.

"இருட்டுண்ணே."

"மணி என்ன?"

"பகல் பன்னெண்டு."

"எந்தப் பாவி மக்க குடியிருக்கிற ஊருடா அது!" என்று சிரிப்பார். வருஷா வருஷம் இதே பேச்சுதான். இதைக் கேட்பதற்காகத்தான் போன் போடுகிறேன்.

இந்த வருஷம் பேச்சு வேறு மாதிரி முடிந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மேலூர்ப் பக்கத்தில் ஐந்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பது ஒரு தைரியம்.

கடலடி மண்ணை ஆராயும் கூடம் ஒன்று இங்கே துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே நான் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறேன். கிருமிகள் வளர்வதற்கான கஞ்சியைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுகிறேன். வேலை முடிந்த கிருமிகளைப் பெரிய குக்கர் மாதிரி ஒரு கலனில் அடைத்து, ஆவியில் வேகவைத்துக் கொல்லுவதும் நான்தான். இங்கே வருவதற்கு முன் மதுரைச் சிம்மக்கல்லில் ஒரு மெஸ்ஸில் சோறு வடித்துக்கொண்டிருந்தவன் என்பதால் இந்த வேலை பழக அதிக நாள் ஆகவில்லை.

என் மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் சொந்த மாமன் மகள். அவள் படித்து வேலைக்கு வந்தாள். நான் அவள் பின்னால் வந்தேன். "சோறு போடுறதும் நீங்க, கொல்லுறதும் நீங்க. நல்ல உத்தியோகம்தான் மச்சான்" என்பாள்.

2

எங்கள் பக்கத்தில் ஊரை விட்டுக் குடி போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கும்பிட்டால் சாமியும் கூடவே வந்துவிட்டது என்று நம்பிக்கை. எங்கள் கருப்பு மேலூரைத் தாண்டி ஒரு கல் குவாரிக்குப் பக்கத்தில் இருக்கிறார். குவாரிக்காரர்கள் தோண்டி விட்டுப்போன பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. கல்லைப் போட்டால் சத்தம் கேட்பதற்குள் மறந்தே போய்விடும். அவ்வளவு ஆழம்.

நான் கிளம்பும்போது அண்ணன் அங்கே போய் மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். "வழியில எங்கயும் கீழ வச்சிராத. வச்ச எடத்துல உக்காந்துக்கிரும்" என்றார்.

மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். விமானத்தில் தூங்கவில்லை. இங்கே இறங்கியதும் கையுறை போட்ட ஒரு அதிகாரி அம்மா முடிச்சைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்கு அவர் மொழி தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. சாமி என்பதற்கு "காட்" என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வந்தது. அவர் முடிச்சை அவிழ்த்து, மோந்து பார்த்து, தலையை ஆட்டினார். வெளிநாட்டு மண் உள்ளே வரக் கூடாதாம். பக்கத்தில் இருந்த சாம்பல் நிறத் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே வைத்தார். எறியவில்லை, வைத்தார். மூடி தானாக இறங்கியது.

செல்வி வெளியே பூவோடு நின்றாள். நான் அழுததை, தன்னைப் பார்த்த சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மஞ்சள் துணியும் போய்விட்டதா என்று கேட்டார். அப்புறம், "சாமிய ஏர்ப்போர்ட்டுக் குப்பைத் தொட்டியில குடி வச்ச ஒரே வம்சம் நம்ம வம்சம்தான்டா" என்றார். இன்றுவரை கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்.

ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஒருமுறை பார்த்தேன், தொட்டியை எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு வரிசையில் நல்ல கூட்டம். இடித்துக்கொண்டு நின்றார்கள். தொட்டி இருந்த அந்தச் சின்ன இடத்தில் மட்டும் யாரும் நிற்கவில்லை.

3

எங்கள் கூடத்தில் இங்கெர் என்று ஒரு அம்மா. என்னைவிட மூத்தவர்; ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவர். இங்கே எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். மரியாதைச் சொல் என்று தனியாக இல்லை. அவரை 'நீ' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால் ஆளைக் குறிக்கும் சொல்லே வராமல் சுற்றி வளைத்துப் பேசுவேன். என் மொழி மோசம் என்று எல்லோரும் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் பெயர் பெரியகருப்பன். அவர் 'பெரி' என்று கூப்பிடுவார்.

சில வருஷங்களுக்கு முன் துருவத்துப் பக்கம் கப்பலில் போய், பனிக்கட்டி மிதக்கும் கடலின் அடித்தரையில் நீளக் குழாயை இறக்கி, மண்ணைக் கரும்புத் துண்டு மாதிரி அப்படியே எடுத்துவந்தார்கள். நிமிர்த்தி வைத்தால் என் உயரம் இருந்தது. மேலே இருப்பது புது மண். கீழே போகப்போகப் பழசு. இடுப்பு உயரத்தில் விரலை வைத்து இங்கெர் சொன்னார்: "இது படிந்தபோது உன் ஊரும் இல்லை, என் ஊரும் இல்லை."

அந்த இடுப்பு உயரத்து மண்ணில் கொஞ்சம் எடுத்து, நான் காய்ச்சிய கஞ்சித் தட்டுகளில் தடவினார். பல மாதங்கள் ஒன்றும் வரவில்லை. தட்டுகளை வேகவைத்துவிடலாம் என்று எடுக்கப்போன அன்று, ஒரு தட்டில் கடுகளவு மஞ்சள் புள்ளி.

அதிலிருந்து ஒரு கிருமியைத் தனியாகப் பிரித்தார். அதற்குள் எழுதியிருக்கும் மரபு எழுத்துகளைப் படித்து, உலகத்தில் இதுவரை பெயர் வைத்த கிருமிகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டார். பங்காளி என்று சொல்லவும் ஒன்று இல்லை. எந்தக் குளிரில் வளர்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எதைத் தின்கிறது, எதைத் தின்ன மறுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். புது இனம்தான் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். மெல்லிய குச்சிகள், ஒன்றின் முனையை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. மற்ற கிருமிகள் துடிக்கும், நீந்தும். இவை அசையவில்லை. நான்தான் அவற்றைப் பார்க்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் வந்து கண்ணை எடுத்துவிட்டேன்.

குளிரறை ஒன்றில் தட்டுகளை அடுக்கியிருந்தோம். அலமாரியின் கீழ் அடுக்கில், ஒரு சுவரோரமாக, அந்த மண் துண்டு படுத்துக் கிடந்தது. மேலே சுற்றிலும் மஞ்சள் புள்ளிகள். அங்கே விசிறி நின்றால் வரும் அமைதி வேறு மாதிரி இருக்கும். நான் தனியாக உள்ளே போனால் கதவை ஒரு பாத்திரம் வைத்துத் திறந்தே விடுவேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு விஷயம் இங்கெருக்குப் பிடிபடவில்லை. கிருமிகள் தட்டில் வட்டமாகப் பரவும். இது வட்டமாகப் பரவவில்லை. எண்ணெய் வைத்துச் சீவிய முடி மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து வளர்ந்தது. அலமாரி சாய்ந்திருக்கிறதோ என்று கொத்தனார் வைத்திருக்கும் மட்டப்பலகையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். சாயவில்லை.

நான் அதைப் பற்றிப் பேசும்போது 'அது' என்ற சொல்லுக்குப் பதில் ஆளுக்குச் சொல்லும் 'அவர்' என்ற சொல் வந்துவிடும். முதலில் திருத்தினார்கள். அப்புறம் அவர்களும் குளிரறையைத் திறக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

4

பெயர் வைப்பது லேசில்லை. என் மகள் மீனாதான் எனக்கு அதை விளக்கினாள். இங்கே பிறந்து மேல்நிலைப் பள்ளியில் படிப்பவள். சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும் தமிழில் பேசுவாள்; மற்றதெல்லாம் இந்த ஊர் மொழி. அன்றைக்கு என்னவோ தமிழில் சொன்னாள்.

"அப்பா, புதுக் கிருமிக்கு முறையான பேர் வேணும்னா அது உயிரோட ரெண்டு நாட்டுல இருக்கணும். ரெண்டு பெரிய சேமிப்பகத்துல. அதுவும் தனியா, வேற எதுவும் கலக்காம."

"ஒரு நாட்டுல மட்டும் இருந்தா?"

"அப்ப பேர் இல்ல."

"இம்புட்டு நாள் அதுபாட்டுக்கு இருந்துச்சே. பேரக் கேட்டுச்சா?"

"இம்புட்டு, அம்புட்டு... இந்த மாதிரி பேசாதீங்கப்பா, எனக்குப் பாதி புரிய மாட்டேங்குது" என்று எழுந்து போனாள்.

இங்கெர் தெற்கே வேறொரு நாட்டுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது செத்திருந்தது. குளிர்ப்பெட்டியை மாற்றி மறுபடி அனுப்பினார். மறுபடி செத்தது. ஆழக் குளிரில் உறைய வைத்தால் மற்ற கிருமிகள் வருஷக்கணக்கில் தூங்கும்; எடுத்தால் எழும். இது எழவில்லை. அடுத்த கட்டடத்தில் இருந்த குளிரறைக்குக் கொண்டுபோய் வைத்தார். அதே குளிர், அதே கஞ்சி. அங்கேயும் செத்தது. எங்கள் குளிரறைக்குள் மட்டும் உயிரோடு இருந்தது.

இந்த வருஷக் கடைசியில் இங்கெருக்கு ஓய்வு. அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் இல்லை. குளிரறையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்தது. பொறுப்பாளர் இல்லாத கிருமி எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதற்குள் இன்னொரு நாட்டில் அது பிழைக்காவிட்டால், அத்தனையையும் வேகவைக்க வேண்டும்.

வேகவைப்பது யார்? நான்தான்.

அந்த நினைப்பு வந்த பிறகு கதவுக்குப் பாத்திரம் வைக்கவும் பயமாக இருந்தது. அதற்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது.

5

இங்கெரிடம் முன்பு படித்த ஒருவர் இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியைத் தாண்டிப் போக வேண்டும். வெயில் நாட்டுப் பயணத்தைத் தாங்குகிறதா என்று முதலில் அவரிடம் அனுப்பிப் பார்ப்போம், தாங்கினால் அங்கிருந்து நம் நாட்டுப் பெரிய சேமிப்பகத்துக்கு மாற்றலாம் என்று முடிவானது. மதுரை என்ற பெயரை இங்கெர் வாயால் கேட்டபோது கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டேன்.

அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆனது. இந்த ஊரில் நான் குடியிருக்க ஒவ்வொரு தடவையும் காட்டுகிற காகிதங்களை விட அதற்குக் காகிதம் அதிகம். எங்கிருந்து வருகிறது, என்ன தின்னும், யாருக்கும் கெடுதல் செய்யுமா, எவ்வளவு காலம் இருக்கும். கேள்விகள் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சித்திரை மாதக் கடைசியில் பொட்டலம் கட்டினோம். விரல் நீளக் குழாய்கள் சில. அடியில் கஞ்சி, அதன்மேல் மஞ்சள். இங்கெர் மூடிகளைத் திருகி மூடிவிட்டுக் காகிதங்களில் கையெழுத்துப் போட முன் அறைக்குப் போனார். நான் பெட்டியில் அடுக்க வேண்டும்.

குளிரறையில் விசிறி நின்றது.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யோசித்துச் செய்யவில்லை. ஊரை விட்டுப் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது. கீழ் அடுக்கில் கிடந்த மண் துண்டில் இடுப்பு உயரத்தில் விரல் நுனியளவு கிள்ளினேன். ஒரு குழாயை மட்டும் திறந்து உள்ளே போட்டு மூடினேன். அதைப் பெட்டியின் நடுவில் வைத்தேன். என்னை அறியாமல், "வழியில எங்கயும் உக்காந்துறாதீக" என்று சொன்னேன்.

கையுறையைக் கழற்றிப் பார்த்தபோது விரலில் அழுகிய முட்டை வாசம் அடித்தது. கையுறைக்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் சோப்புப் போட்டும் போகவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மீனா தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

6

ஆடி மாதம் விடுமுறையில் மதுரைக்குப் போனேன். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. மீனா சிநேகிதிகளோடு வேறு எங்கோ போக ஏற்பாடு செய்திருந்தாள்.

பேராசிரியரிடமிருந்து இங்கெருக்கு ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. ஒரு குழாய் தவிர எல்லாம் செத்துவிட்டன. அந்த ஒன்றைப் பற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று. எந்தக் குழாய் என்று எனக்குத்தான் தெரியும்.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். வாழைத்தார் மண்டியில் சுமை இறக்கியே தோள் காய்த்தவர், எதற்கும் அசையாதவர். வண்டியை எடுத்தார். "ஏறு. போய்ப் பாத்துருவோம்."

கல்லூரியில் பேராசிரியர் இல்லை. ஆய்வுக்கூட உதவியாளர் ஜெபராணி என்ற அம்மாதான் இருந்தார். நார்வேயிலிருந்து வருகிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானாண்ணே இத அனுப்புனது? நல்லா அனுப்புனீக போங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஆகுறதுக்கு என்ன இருக்கு. நான் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்த பெறகுதான் இந்தப் பிரிட்ஜத் தொறக்குறது. மத்த நாள் சாரே தொறந்துக்கிறட்டும்னு சொல்லிட்டேன்."

அண்ணன் சிரித்தார். "பூச்சிக்குப் போயி பயப்படுறீகளே?"

"பூச்சியா? வாங்க, உங்களுக்காகத் தொறக்குறேன், நீங்களே பாருங்கண்ணே."

மூலையில் ஒரு சின்ன பிரிட்ஜ் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே திண்டுக்கல் ரோட்டு வெயில் தகரமாகக் கொதித்தது. ஜெபராணி கதவைத் திறந்தார். வந்த குளிரில் அந்த வாசம் இருந்தது. நடுத் தட்டில் அந்தக் குழாய் மட்டும். மஞ்சள் நன்றாகக் கனத்து, அடியில் கிடந்த மண்ணைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது.

"முதல்ல மத்ததோட சேத்துத்தான் வச்சிருந்தோம்" என்றார் ஜெபராணி. "சாரு வளக்குறது அம்புட்டும் இது இருக்கிற பக்கமா சாஞ்சிருச்சு. எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ என்னமோ. ஆனா சாரும் ஒண்ணும் சொல்லாமத் தனி பிரிட்ஜ் வாங்கிட்டாரு. கரண்டு போனா, ரோட்டக்கூடப் பாக்காம ஜெனரேட்டர்காரனக் கூப்பிட ஓடுறாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே செய்றீங்க?"

"சும்மா இருடா." வந்து நின்று குழாயையே பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ஏன் தம்பி, இதுல போட்ட மண்ணு அந்தக் கடல்லருந்து வந்ததுதானா?"

"ஆமாண்ணே."

"உறுதியா?"

"உறுதிதாண்ணே. ஏன்?"

"வாடை அப்பிடியே நம்ம குவாரித் தண்ணி வாடையா இருக்கேடா."

நான் மோந்து பார்க்கவில்லை. ஜெபராணி, "பாத்தாச்சுல்ல" என்று கதவைச் சாத்தினார்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை எடுக்கும்போது அண்ணன் சொன்னார். "அங்க உங்க இங்கெரம்மாகிட்ட உண்மையச் சொல்லீரு. பெரிய மனுசி. உன்னய நம்பித்தான பெட்டியக் குடுத்துச்சு."

7

இங்கே வந்த அன்றே இங்கெரிடம் சொன்னேன். சொல்லத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். அதிலும் பாதி கையால் காட்டினேன். அவர் கோப்பைத் திறந்தார்.

"அனுமதித் தாளில் ஒரு கிருமி என்று இருக்கிறது. நீ எத்தனையை அனுப்பினாய் என்று உனக்கே தெரியாது" என்றார். பேராசிரியருக்கும் மேலதிகாரிக்கும் அப்போதே எழுதித் தெரிவித்தார். என்னைக் குளிரறைக்குள் விடவில்லை. பல நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. நியாயம்தான். எங்கள் பழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல் அங்கே எடுபடவில்லை.

ஐப்பசி வாக்கில் ஒரு நாள் வந்து என் தோளைத் தொட்டார். "வா. ஒன்றைக் காட்ட வேண்டும்."

குளிரறையில் எல்லாம் அப்படியே இருந்தது, ஒன்றைத் தவிர. மண் துண்டைக் கீழ் அடுக்கிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரோரம் வைத்திருந்தார். ஒரு தட்டை எடுத்து விளக்கின்கீழ் காட்டினார். பழைய மஞ்சள் ஒரு பக்கமாகச் சீவிக் கிடந்தது. அதன் ஓரத்திலிருந்து புது மஞ்சள் வளைந்து, எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. அடுத்த தட்டு, அதற்கடுத்தது, எல்லாம் அப்படித்தான். அறையில் இருந்த அத்தனையும் மண்ணைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"மூடிகூடத் தொடவில்லை" என்றார் இங்கெர். தட்டைத் திரும்ப வைத்தார். "அந்த மண்ணுக்குள் இன்னொரு உயிர் இருக்கிறது. அதன் மூச்சு இந்த அறையில் இருக்கிறது. அதைக் குடித்துத்தான் இவர் வாழ்கிறார். நான் தனியாக வளர்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் ஒரு நாளும் தனியாக இல்லை."

மண்ணை வேகவைத்துச் சேர்த்துப் பார்த்தார், செத்தது. அந்த இன்னொரு உயிரைப் பிரித்தெடுக்கப் பார்த்தார், பிடிபடவில்லை. மண்ணை விட்டு அது வெளியே வருவதே இல்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. தனியாக வாழாததற்கு முறையான பெயர் கிடையாது.

கடைசியில் என்ன கொடுத்தார்கள் என்பதை மீனாதான் படித்துச் சொன்னாள். தனியாக வளர்க்க முடியாதவற்றுக்கு 'வேட்பாளர்' என்று லத்தீனில் ஒரு அடைமொழி போட்டுத் தற்காலிகமாக ஒரு பெயர் வைப்பார்களாம்.

"தற்காலிகம்னா எம்புட்டு நாளைக்கு?"

அவள் திருத்தவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "தெரியலப்பா. நெறைய பேரு அப்படியேதான் இருக்காங்க."

இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்காங்க என்றாள். நான் அவள் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன். சாப்பிட்டாள்.

8

இந்த வாரம் குளிரறையை மூடினார்கள்.

இங்கெர் கடைசியாக ஒருமுறை உள்ளே போய் வந்தார். மதுரைக் குழாயைப் பற்றி மேலதிகாரிகள் நிறைய எழுதிக்கொண்டார்கள். இனி எங்கும் அனுப்பாமல், பூட்டிய பிரிட்ஜில், அங்கேயே இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. இங்கே இருப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை.

"நானே செய்யட்டுமா?" என்று இங்கெர் கேட்டார்.

"என் வேலை" என்றேன்.

தட்டுகளைப் பைகளில் கட்டினேன். மண் துண்டில் மீதி இருந்ததையும் தனிப் பையில் கட்டினேன். தனிப் பை என்றாலும் கலனுக்குள் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மூடியை இறுக்கித் திருகினேன். காலை மணி பதினொன்று, ஜன்னலுக்கு வெளியே நீல இருட்டு. இங்கெர் கோட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். ஆவி ஏறும்போது கலன் வழக்கமாக விசில் மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். அன்றைக்குக் கொடுக்கவில்லை. முள் மட்டும் ஏறி நின்றது. வெந்து முடியும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். திறந்தபோது வந்தது அழுகிய முட்டை வாசம் இல்லை. மழை விழுந்த புழுதி வாசம். இங்கெர் என்னைப் பார்த்தார். நான் கலனைப் பார்த்தேன்.

"நன்றி, பெரி" என்றார். இந்த ஊர் மொழியில் முதல்முறையாக அவரை 'நீ' என்று கூப்பிட்டேன். "நீ பார்த்துப் போ. ரோடு வழுக்கும்."

இனி அந்த இனத்தில் நம் கையில் இருப்பது உலகத்திலேயே ஒரே ஒரு குழாய். துருவத்துக் கடலடியில் யுகக் கணக்கில் கிடந்தது, திண்டுக்கல் ரோட்டில் ஒரு சின்ன பிரிட்ஜில் இருக்கிறது. மதுரைக்காரன் நான் இங்கே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பனியில் நடக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இருட்டாடா?"

"இருட்டுண்ணே."

வழக்கமான அடுத்த கேள்வி வரவில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"வெளிய இருக்கீங்களாண்ணே?"

"காலேஜ் வாசல்ல நிக்கிறேன். வெள்ளிக்கிழம ஆனா இப்பிடி ஒரு எட்டு வந்துட்டுப் போறது. ஜெபராணியம்மாவுக்கு ஒரு சீப்புப் பழம் குடுத்தா கெழம பாக்காம ஒரு நிமிசம் தொறந்து காட்டும். வையிது. ஆனா காட்டும்."

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு. போன வாரத்துக்கு இந்த வாரம் கொஞ்சம் தெளிச்சியா இருக்கு." நிறுத்தினார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "ஆனா ஒண்ணு தம்பி. இத்தன நாளு மண்ணச் சுத்தித்தான புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு அதுலருந்து ஒரு இழை பிரிஞ்சு வெளிய வந்து கண்ணாடியில ஏறி நிக்கிது. செவத்தப் பாத்து."

"எந்தச் செவரு?"

"வடக்குச் செவரு."

ஜன்னலில் என் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் தெருவிளக்குகளும் பனியும். சமையலறையில் மீனாவும் செல்வியும் எதற்கோ தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன்னயத்தான் கேக்குதுன்னு நெனைக்கிறேன்" என்றார் அண்ணன். "திரும்பி உள்ள போறேன். என்ன சொல்ல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வாரேன்னு சொல்லுங்கண்ணே."